ஒரு கரண்டியளவு குழி

போன வெள்ளிக்கிழமை மெல்பேர்ண் ஓரத்திலுள்ள கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தேன். வெளியே ஏதோ கட்டட வேலை நடக்கிறது. அன்றைக்குக் காற்றும் பலம். தட்டிலிருந்த திருநீற்றில் புழுதி விழுந்திருக்க வேண்டும். பூசியவுடன் நெற்றியில் நறநறவென்றது. என்னைக் காரில் ஏற்றிப்போன பிள்ளை எங்கள் தெருவிலுள்ள ஒரு டொக்டரின் மகள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "அன்ரி, யூ ஹாவ் டேர்ட் ஆன் யுவர் ஃபோர்ஹெட்" என்றாள். கடதாசித் துவாய் ஒன்றையும் எடுத்து நீட்டினாள்.

"இருக்கட்டும் பிள்ளை. வீட்ட போய்க் கழுவுறன்."

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள். நெற்றியில் மண் பூசிக்கொண்டு ரோமாபுரி விமான நிலையத்தைக் கடந்தவள் இந்த அன்ரி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தும் கழுவவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நேரில் என்றால் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றொரு தைரியம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணா என்னை யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு எடுப்பித்தார். அவர் எஞ்சினியர். நான் எஸ்.எஸ்.சி.யோடு நின்றவள். அப்போது இந்த ஊரில் கோயில் இல்லை, கறிவேப்பிலை இல்லை. தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் அண்ணா வீட்டுக் குசினிக்குத்தான் வரவேண்டும். அங்கேயும் அநேகமாக மச்சாளின் சத்தம்தான். மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி. பிரன்ஸ்விக்கில் ஒரு பின்னல் மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பளிச் சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைப்பது. கம்பளியில் ஒரு எண்ணெய் இருக்கும். நனைந்த ஆட்டின் மணம். எத்தனை சோப் போட்டாலும் போகாது. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மச்சாள், "கிடாய் வந்திட்டுது, யன்னலைத் திறவுங்கோ" என்பார். பகிடிதான். ஆனாலும் யன்னலைத் திறப்பார்.

இப்போதும் மழைக் குளிரில் கம்பளிக் கோட்டுடன் யாராவது ட்ராமில் ஏறினால் எனக்குத் திரேசாவின் ஞாபகம் வரும்.

திரேசா என் பக்கத்து மெஷின். ஐம்பது வயதிருக்கும். உயரமான, எலும்பு பெருத்த பெண். முழங்கால் வாதம். முதலாளி முதல் கூட்டுகிறவர் வரைக்கும் அவரை "இத்தாலியன்" என்பார்கள். மில்லிலிருந்த மற்ற இத்தாலியப் பெண்களோ அவரை "ஜெர்மன்காரி" என்பார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் இடம் எப்போதும் காலியாக இருந்ததால்தான் நான் அங்கே போய் இருந்தேன். எனக்குப் பக்கத்திலும் யாரும் இருப்பதில்லை. இப்படித்தான் இரண்டு காலிக் கதிரைகள் சிநேகமாயின.

என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "அன்ரி" என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நான் உன்ர தாயின்ர தங்கச்சியோ, தேப்பன்ர தங்கச்சியோ?"

"ரெண்டும் இல்லை."

"அப்ப சரி. ரெண்டு பக்கச் சண்டையும் எனக்கு வேண்டாம்."

அவர் பேசியது மில் இங்கிலீஸ். என்னுடையதும் அதே. எங்கள் பேச்சில் எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஊர் ஆல்ப்ஸ் மலைக்குள் இருந்தது. ஒரு காலத்தில் ஆஸ்திரியாவாக இருந்து, முதல் மகாயுத்தத்தோடு இத்தாலியாகிப்போன பகுதி. சனங்கள் பேசியது ஜெர்மன். பிறகு ரயிலிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யத் தெற்கிலிருந்து இத்தாலியர் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பேசினால் அடி. எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஊர்த் திரேசா, தெற்கிலிருந்து வந்த நிக்கோலா என்ற ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டார். வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். தகப்பனும், தமையன் லூயிசும்.

ஒரு மகன் பிறந்தான். தாய் வீட்டு முறைப்படி அவன் யோசெஃப், தகப்பன் முறைப்படி ஜூசெப்பே. இரண்டு பெயருக்கும் சண்டை வேண்டாமென்று பெப்பி என்று கூப்பிட்டார்கள். நான்கு வயதில் அவன் போய்விட்டான். எப்படி என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் என்றால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். எனக்குக் கூச்சம்.

பெப்பியைத் திரேசாவின் ஊர்த் தேவாலய மயானத்தில், அவருடைய குடும்ப இடத்தில் புதைத்தார்கள். பிள்ளைக்கு மட்டும் இடம் தந்தார்கள். தகப்பன் உள்ளே வரக்கூடாது. நிக்கோலா மயானச் சுவருக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். மகன் குழிக்குள் இறங்கும் சத்தத்தைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கப்பலேறி மெல்பேர்ணுக்கு வந்துவிட்டார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

நான் மில்லில் சேர்ந்த அடுத்த வருடம் நிக்கோலா நெஞ்சு வருத்தத்தில் இறந்தார். ஃபோக்னர் மயானத்தில் அடக்கம். ஆஸ்பத்திரியில் கடைசியாக மனைவியிடம் கேட்டது ஒன்றுதான்: என்னை எப்படியாவது அந்தச் சுவருக்கு உள்ளே, பையனிடம் கொண்டுபோ. திரேசா ஓமென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாராம். ஆளைத் தோண்டிக் கொண்டுபோக முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக் கரண்டியுடன் ஃபோக்னருக்குப் போய், தலைமாட்டில் மண் எடுத்துக்கொண்டு வந்தார். பெப்பியின் மேல் அதைப் போடுவதென்று முடிவு.

அந்தக் கரிய மண்ணைப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து, மா அரிக்கிற அரிதட்டில் அரித்தார். சாம்பல் நிறத்தில் மாவாகி வந்தது. இறுக்கமான மூடியுள்ள பேணி ஒன்று வேண்டுமென்றார். நான்தான் கொடுத்தேன். அம்மா ஊரிலிருந்து திருநீறு போட்டு அனுப்பிய சின்னத் தகரப் பேணி. மூடியில் முருகன் படம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவா என்று கேட்டேன். "விடு, காவலுக்கு ஒரு பெடியன் நிக்கட்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மில்லில் வேலை குறைந்து கன பேரை நிற்பாட்டினார்கள். எங்கள் வரிசை முழுக்கப் போனது. திரேசா, இப்போது போகாவிட்டால் ஒருபோதும் இல்லை என்றார். தனியாகப் போகப் பயம். படியேற முழங்கால் விடாது. என்னை வா என்றார். நான் எப்படி ஓமென்றேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் போய் மிச்சக் காசு பிழை என்று சொல்லத் தைரியமில்லாதவள்.

அண்ணா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. மச்சாள்தான் பேசினார்.

"கலியாணம் கட்டாத பெட்டை, ஆரோ ஒருத்தற்ற சுடலை மண்ணைக் காவிக்கொண்டு ரோமுக்குப் போறாவாம். விசரே உனக்கு?"

"ஓம் மச்சாள்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ரோமில் இறங்கியதும் சுங்கத்தில் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் நீளத் தலைமயிர்ப் பெடியங்கள் கிழக்கிலிருந்து ஏதேதோ தூள் கொண்டுவருவார்கள். என் தோற்பையில் ஒரு பேணி, அதற்குள் சாம்பல் நிறத் தூள். அதிகாரி மோந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். திரேசா இத்தாலியனில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவருடைய ஜெர்மன் வாடையடித்த இத்தாலியனைக் கேட்டதும் இரண்டாமவரின் முகம் இன்னும் இறுகியது. பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். திரேசா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். பேணிக்குள் மூன்று விரலை விட்டு, மண்ணை அள்ளி, நெற்றியில் மூன்று குறி இழுத்தேன். "சிவ சிவா" என்று சத்தமாகச் சொன்னேன். மூடியிலிருந்த முருகனைக் காட்டினேன். சுடலை மண்! ஊரில் சுடலைப் பக்கம் போய் வந்தாலே கிணற்றடியில் தோயாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதை நடு விமான நிலையத்தில் நெற்றியில் பூசிக்கொண்டு நிற்கிறேன். மண் மூக்கில் உதிர்ந்து தும்மல் வேறு வந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். அவர்களுக்கும் வருடத்தில் ஒரு புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் உண்டு. மெல்லச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, மூடியை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். வெளியே வந்ததும் திரேசா தன் கைக்குட்டையால் என் நெற்றியைத் துடைத்து, அந்தக் கைக்குட்டையைப் பேணிக்கு மேலே ஒரு துளி விடாமல் உதறினார்.

வடக்கே ரயிலில் போனோம். சமவெளி முடிந்து மலை நெருங்கியதும் ஸ்டேஷன் பலகைகளில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர் வரத் தொடங்கியது. போல்சானோ, போசன். பிரெசனோனே, பிரிக்சன். இரண்டும் வேறு வேறு ஊரென்று எண்ணிக்கொண்டு, இத்தனை ஊருக்கு நடுவே வயல் எங்கே என்று நான் கேட்டதைத் திரேசா பிறகு பல நாள் சொல்லிச் சிரித்தார். சில பலகைகளில் ஒரு பெயரை யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்கள். எங்கள் நாட்டில் தமிழ்ப் பெயருக்குத் தார் பூசுவார்கள், இங்கே ஆணி. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழகிய பயம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும்.

ஆனால் எவ்வளவு அழகான இடம் தெரியுமா! அதைச் சொல்லாமல் போனால் அந்த மலைக்கு நான் துரோகம் செய்தவளாவேன். போசனில் கடைத்தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளின் கீழ்த்தளம் வளைவு வளைவாகக் குடையப்பட்டிருந்தது. அறுநூறு எழுநூறு வருடத்துப் பழசாம். மழை கொட்டுகிறது, சனங்கள் அந்த வளைவுகளின் கீழே நனையாமல் பாணும் பழமும் வாங்குகிறார்கள். கடைகளிலிருந்து புகைபோட்ட இறைச்சியின் மணம். சாயங்காலம் மழை விட்டது. ஊருக்குக் கிழக்கே நின்ற மொட்டைப் பாறை மலை மெல்ல மெல்லச் சிவந்து, காய்ச்சிய இரும்பு போலாகி, பிறகு ஊதாவாகி அணைந்தது. ரோசாத் தோட்டம் என்று அதற்குப் பேராம். ஒரு செடி இல்லை. திரேசா முகத்தை அந்தப் பக்கம் திருப்பவேயில்லை. "இருபத்தைஞ்சு வருசமாக் கண்ணை மூடினா அதுதான் தெரியுது. இனி என்னத்தைப் பாக்கிறது" என்றார்.

அடுத்த நாள் பிரிக்சன். மதிலும் கோபுரமும் கல் பாவிய ஒழுங்கைகளும் உள்ள ஊர். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பெரிய தேவாலயத்தை ஒட்டிய ஒரு நாற்சார் மண்டபத்துக்குள் போனோம். கூரை முழுக்கப் பழைய ஓவியம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒரு குதிரை. குதிரைக்கு மூக்கிலிருந்து நாதஸ்வரம் போல ஒரு குழாய் நீளுகிறது.

"அன்ரி, இந்தக் குதிரைக்கு என்ன வருத்தம்?"

"அது யானை."

யானையைக் கண்டிராத யாரோ, கேள்விப்பட்டதை வைத்து எழுதியதாம். நான் சிரித்த சிரிப்பு மண்டபமெல்லாம் எதிரொலித்தது. ஒரு பாதிரியார் எட்டிப் பார்த்தார். திரேசாவுக்கும் சிரிப்பு. தூணைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்க, கண்ணீர் வரச் சிரித்தார். "பெப்பியும் இதைப் பாத்து இப்பிடித்தான் கேட்டவன்" என்றார். சிரிப்பு அதோடு நின்றது.

மலை உச்சிப் பக்கம் அவருடைய கிராமம். அதன் பெயர் வேண்டாம், இரண்டு பெயருமே வேண்டாம். வெட்டிய புல் காயும் வாசம். பசு மணிச் சத்தம். கீழே பள்ளத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் ஆறு, அவ்வளவு உயரத்திலும் அதன் இரைச்சல் கேட்டது. திரேசா பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் பெட்டிகளுடன். தேவாலயத்தைச் சுற்றி வெள்ளைச் சுவர். உள்ளே கல்லறைகளில் கல்லுக்குப் பதிலாக வளைத்து வளைத்துச் செய்த இரும்புச் சிலுவைகள், ஒவ்வொன்றின் கீழும் பூ. குடும்ப இடத்துக்குத் திரேசா கண்ணை மூடிக்கொண்டே போயிருப்பார். போனவர் நின்றார்.

பெப்பியின் சின்னச் சிலுவை இல்லை. அந்த இடத்தில் உயரமான புதுச் சிலுவை. அதில் ஒரு பெண்ணின் படம்.

லூயிசின் மனைவி. அந்த ஊரில் இடம் குறைவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். வருடங்கள் போனபின் அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பார்கள். பழைய சிலுவையை எடுத்துவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. திரேசாவுக்கும் தெரிந்த வழக்கம்தான். தன் பிள்ளைக்கு அது நடக்கும் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. நிக்கோலாவை ஒருநாளும் தன் வாசற்படி மிதிக்கவிடாத அந்தப் பெண்ணின் கீழே பெப்பி கிடந்தான்.

திரேசா அழவில்லை. முழங்காலில் விழுந்தார், அவ்வளவுதான். அந்த வாதம் பிடித்த முழங்காலில். பேணியின் மூடியைத் திறக்கப் போனபோது ஒரு குரல் கேட்டது.

லூயிஸ். எழுபது வயதுக் கிழவர், அந்தப் பக்கத்து ஆண்கள் கட்டும் நீல ஏப்ரனுடன். தங்கையைக் கண்டதும் அவருடைய வாய் கோணியது. ஒரு நிமிடம் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய கண் பேணியில் விழுந்தது. அது என்ன என்றார். திரேசா சொன்னார். அவர்கள் பேச்சு எனக்கு விளங்காது. பிறகு திரேசா சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்தக் கிழவர் வந்து சிலுவைக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. என் மனைவியின் மேல் அந்த ரயில்காரனின் மண் விழ விடமாட்டேன் என்றாராம். திரேசா அவருடைய ஏப்ரன் நுனியைப் பிடித்துக் கெஞ்சினார். ஒரு கரண்டி, ஒரு சிட்டிகை என்றாராம். கிழவர் கையை நீட்டிச் சுவருக்கு வெளியே காட்டினார்.

"வெளியில போடட்டாம்" என்று திரேசா எனக்குத் திரும்பிச் சொன்னார். "அந்த மனுசன் அண்டைக்கு நிண்ட இடத்திலயே திருப்பிக் கொண்டுபோய் நிப்பாட்டட்டோ?"

நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டேன்.

அன்று கீழே ஆற்றங்கரையில் ஒரு விடுதியில் தங்கினோம். திரேசா சாப்பிடவில்லை. பேணியை மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். யன்னலுக்கு வெளியே ஆறு இரைந்தது. எனக்குப் பேசவேண்டும் போலிருந்தது. ஏதாவது சொல்லி அந்த முகத்தை மாற்றவேண்டும் போலிருந்தது. ஊரில் ஐயா, என் தகப்பன், இறந்தபோது அவர் சாம்பலைக் கீரிமலையில் கடலில் கரைத்தோம். அது எங்களுக்குச் சமாதானம் தந்தது. ஆகவே சொன்னேன்.

"அன்ரி, எங்கட ஆக்கள் தண்ணியிலதான் கரைக்கிறவை. தண்ணி எல்லா இடமும் போகும், எல்லாரிட்டயும் சேரும். இந்த ஆத்தில விடுவமே?"

திரேசா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"இந்த ஆறுதான் பிள்ளை அவனைக் கொண்டுபோனது" என்றார். "இதே கரை. நான் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான்."

பிறகு அவர் எழுந்து யன்னலைச் சாத்தினார். சாத்தியும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மலையேறினார். கிழவர் எழும்ப முன்னர் போட்டுவிடலாம் என்று எண்ணம். மயான வாசலில் எட்டிப் பார்த்தோம். பனிப்புகாருக்குள் லூயிஸ் அந்தக் கல்லறை ஓரத்தில் ஒரு முக்காலியில் இருந்தார். நீல ஏப்ரன், தோளில் ஒரு கம்பளி. எப்போது வந்து இருந்தாரோ. தங்கையைத் தெரியும் அல்லவா அவருக்கு. அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே மூக்கு, ஒரே தாடை. திரேசா திரும்பி இறங்கத் தொடங்கினார்.

பஸ் வருகிற நேரம் லூயிஸ் நொண்டிக்கொண்டு வந்து, கடதாசியில் சுற்றிய ஒரு துண்டுப் புகையிறைச்சியைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டுப் போனார். தாய் செய்கிற முறையில் அவரே செய்ததாம். திரேசா அதை எறியப் போகிறார் என்று நினைத்தேன். மோந்து பார்த்தார். பிறகு பெட்டிக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் பேசியது கொஞ்சம்தான். "எடுத்த இடத்திலயே திருப்பி வைக்கிறன். அந்தக் குழி அப்பிடியே இருக்கு. நிக்கோலாவிட்டச் சொல்லுறன், என்னால ஏலேல்லை எண்டு."

அதுவாவது நடந்திருக்கலாம். மெல்பேர்ணின் டலமரீன் விமான நிலையத்தில் மேசைக்குப் பின்னால் செம்பட்டை மீசை வைத்த ஒரு மனிதர். முதலில் இறைச்சியை எடுத்தார். பிறகு பேணியைத் திறந்தார். எனக்குக் கை தானாக எழுந்தது. மூன்று விரலை விட்டு நெற்றியில் இழுத்தேன், சிவ சிவா என்றேன், முருகனைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ப் போத்தலைச் சரித்து ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினார். கரிய களிமண் உருண்டையாக வந்தது.

"மண்ணம்மா இது" என்றார். நல்ல மனிதர். குரல் உயர்த்தவில்லை.

திரேசா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "ஓம், மண்தான். இந்த ஊர் மண். ஃபோக்னர் மண். ட்ராமில போய்க் கரண்டியால எடுத்தனான். என்ர மனுசன்ர மண். நீங்கள் வந்து பாருங்கோ, குழி இருக்கு."

"இருக்கலாம். ஆனா வெளிய போனா அது வெளிநாட்டு மண். உள்ள விடேலாது."

"ஒருக்காப் போய் வந்தா வெளிநாடோ?"

"சட்டம் அப்பிடித்தான்."

"அப்ப நான்?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மேசைக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. அதற்குள் ஏற்கெனவே லூயிசின் இறைச்சி கிடந்தது. அதன் மேலே நிக்கோலாவைக் கொட்டினார். அந்த மலையில் சேரவிடாத இரண்டும் ஒரே வாளியில். காலிப் பேணியை மட்டும் என்னிடம் திருப்பித் தந்தார், நன்றாகத் துடைத்து. வாளியிலுள்ளதை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். நான் கேட்டேன் என்பதை நீங்கள் நம்பவேண்டும். எரித்துவிடுவோம் என்றார்.

வெளியே ஜூலை மாதக் குளிர். கார் நிறுத்துமிடத்தில் திரேசா பெட்டியின் மேல் இருந்துகொண்டு, கட்டடத்தின் பின்பக்க வானத்தைப் பார்த்தார். எங்கே புகை வருகிறது என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பார்த்தேன். எங்களுடைய முறைப்படி நிக்கோலா போகிறார், நெருப்பு நல்லது என்று சொல்ல வாய் வந்தது. ஆற்றங்கரையை நினைத்து மூடிக்கொண்டேன். அண்ணா காரோடு வந்தார். புகை ஒன்றும் வரவில்லை. என் நெற்றியைப் பார்த்துவிட்டு அண்ணா, "பரவாயில்லை, திருநீறெல்லாம் பூசிப் பக்தியா வாறாய்" என்றார். திரேசாவை அவருடைய வீட்டில் இறக்கிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்வரை அது இருந்தது. நிக்கோலாவில் மிஞ்சியது அவ்வளவுதான் என்று ஓடிப்போய்த் திரேசாவிடம் காட்டவா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் மச்சாள் துவாயால் துடைத்துவிட்டார்.

அந்த மில் இப்போது மாடிக் குடியிருப்பு. கீழே கோப்பிக் கடை. செங்கல் சுவரில் பழைய எழுத்து மட்டும் அழகுக்காக விட்டிருக்கிறார்கள். கம்பளி மணம் இல்லை. ஐயாவைக் கரைத்த கடற்கரைக்கும் பிறகு ராணுவம் முள்ளுக்கம்பி அடித்து, கன வருடம் யாரையும் விடவில்லை. அம்மா போனபோது எங்கே கரைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரேசா பெப்பியின் பெயரை நிக்கோலாவின் கல்லில் வெட்டச் சம்மதிக்கவில்லை. நான் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். "அவன் இங்க இல்லை. கல்லில பொய் எழுதேலாது." அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு ஃபோக்னருக்குப் போவேன். தலைமாட்டில் கரண்டியால் எடுத்த குழி அப்படியே இருக்கும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம், அவ்வளவு. மழைக்குத் தண்ணீர் நிற்கும். புல் மூட வந்தால் திரேசா முழங்காலில் இருந்து விரலால் கிள்ளி எறிவார். ஒரு தரம் மயான ஊழியர் ஒருவர் ஒரு மண்வெட்டி மண்ணோடு வந்து, நிரவி விடவா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் திரேசா. "அது வேற மண்."

திரேசா இறந்தபோது அவரை நிக்கோலாவின் புதைகுழியிலேயே, அவர் மேல் வைத்தார்கள். நான்கைந்து பேர்தான் வந்திருந்தோம். சடங்கு முடிந்ததும் ஒரு சின்ன மெஷின் வந்து மண்ணைத் தள்ளி, தட்டி, மட்டமாக்கியது. நல்ல வேலைக்காரர்கள். தலைமாட்டுச் சின்னக் குழி உட்பட மூலை முடுக்கெல்லாம் நிரவினார்கள். சொல்ல வேண்டும் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். எதைச் சொல்வது? ஒரு பிள்ளைக்கென்று எடுத்த இடம், அதை மூடாதேயுங்கோ என்றா?

சிலுவை இல்லை, கல் இல்லை, அவன் பெயர் தெரிந்தவர்களும் என்னைத் தவிர இல்லை. பெப்பிக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தக் குழிதான். இப்போது அங்கே புல் ஒரே மட்டமாக வளர்ந்திருக்கிறது.